ரவுட்டரின் புதிய நிரலும் பழைய பதிவுகளும்

2025-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இணையத்தில் நடமாடும் ஐயத்திற்குரிய போக்குவரத்தைக் கண்காணித்துவரும் கிரேநாய்ஸ் என்னும் நிறுவனத்தின் நிபுணர்கள் விசித்திரமான சில கோரிக்கைகளைக் கவனித்தனர். அவை ஆசஸ் நிறுவனம் தயாரித்த ரவுட்டர்களை நோக்கி அனுப்பப்பட்டவை. ஆராய்ந்து பார்த்தபோது, யாரோ சிலர் அக்கருவிகளுக்குள் ஊடுருவி, 53282 என்ற எண்ணுள்ள வாயிலொன்றைத் திறந்து, மீண்டும் வந்து நுழைவதற்கான தங்கள் மின்னணுச் சாவியை உள்ளே பதித்துவிட்டுச் சென்றிருந்தமை புலனாயிற்று. மே மாத இறுதியில் இச்செய்தி வெளியிடப்பட்டபோது, இவ்வாறு கைப்பற்றப்பட்டிருந்த ரவுட்டர்களின் தொகை 9,000-க்கும் மேல் என மதிப்பிடப்பட்டது.

ஊடுருவியோர் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் புதிய ஃபர்ம்வேரைத் தயாரிப்பாளர் வெளியிட்டிருந்தனர். புதிதாக ஊடுருவ முயல்வோரை அது தடுத்தது. ஆனால் ஏற்கெனவே கைப்பற்றப்பட்டிருந்த கருவியில் அதனை ஏற்றியபின்னரும் அந்த வாயில் மூடவில்லை; அந்தச் சாவியும் செல்லாததாகவில்லை. மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்தும் பயனில்லை. ஏனெனில் சாவியும் வாயிலும் ஃபர்ம்வேரில் எழுதப்பட்டிருக்கவில்லை. கருவியின் உரிமையாளர் தம் விருப்பங்களைப் பதிந்துவைக்கும் இடத்திலேயே, அவரே பதிந்துவைத்தவைபோல எழுதப்பட்டிருந்தன. புதிய ஃபர்ம்வேரோ உரிமையாளரின் விருப்பங்களைச் சிறிதும் சிதைக்காமல் காப்பாற்றும்படி அமைக்கப்பட்டது. அது தன் கடமையைச் சரிவரச் செய்தது. அதனாலேயே ஊடுருவியவரின் பதிவுகளும் காப்பாற்றப்பட்டன.

ரவுட்டர் வைத்திருப்போருள் பெரும்பாலோர் ஃபர்ம்வேரைப் புதுப்பித்ததோடு வேலை முடிந்தது என்று கருதுகின்றனர். வேறு சிலர், புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் கருவியின் பின்புறத்துச் சிறு துளையில் குண்டூசியை நுழைத்து அழுத்தி, எல்லாப் பதிவுகளையும் அழித்து, முதலிலிருந்து மீண்டும் தொடங்குகின்றனர். ஃபாக்டரி ரீசெட் என இது வழங்குகிறது. முதல்நிலை மீட்பு எனலாம். இவ்விரு வழக்கங்களும் சில சமயங்களில் சரியானவை. சில சமயங்களில் தவறானவை. எது எப்பொழுது பொருந்தும் என்பதை அறிய, அச்சிறு பெட்டிக்குள் எது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளல் நலம்.

பெட்டிக்குள் எது எங்கே உள்ளது

ரவுட்டர் என்பது உண்மையில் ஒரு சிறு கணிப்பொறியே. அதில் செயலி உண்டு. மின்சாரம் உள்ளவரையில் மட்டுமே செய்திகளை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம் உண்டு. மின்சாரம் நின்றாலும் எழுதியவை அழியாத பிளாஷ் நினைவகமும் உண்டு. 2002-ஆம் ஆண்டின் இறுதியில் லிங்க்ஸிஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த டபிள்யூ.ஆர்.டி. 54ஜி என்னும் மாதிரி உலகெங்கும் புகழ்பெற்றது. அதன் முதற் பதிப்பில் தற்காலிக நினைவகம் 16 மெகாபைட், பிளாஷ் நினைவகம் 4 மெகாபைட். இன்றைய கருவிகளில் இவ்வளவுகள் பன்மடங்கு பெருகிவிட்டன. ஆயினும் உள்ளமைப்பின் தத்துவம் ஏறக்குறைய அதுவேயாகும்.

பிளாஷ் நினைவகம் தனித்தனிப் பகுதிகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. மின்சாரம் வந்தவுடன் முதலில் விழித்தெழுந்து மற்றவற்றை எழுப்பும் தொடக்க நிரல் ஒரு பகுதியில் உள்ளது. அதையடுத்து வருவது அளவிற் பெரியது. கருவியை இயக்கும் முழு நிரலும் அதில் அடங்கும். இதுவே ஃபர்ம்வேர். மற்றொரு பகுதி மிகச் சிறியது. மேற்கூறிய பழைய லிங்க்ஸிஸ் கருவியில் 32 கிலோபைட் மட்டுமே. வைஃபையின் பெயர், அதன் கடவுச்சொல், இணையச் சேவை நிறுவனம் கொடுத்த பயனர் பெயர், எந்த வாயில் திறந்திருக்கவேண்டும் எது மூடியிருக்கவேண்டும் என்னும் விதிகள் முதலியவை அங்கே ஒரு பெயர், அதற்கு ஒரு மதிப்பு என்ற முறையில் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. இவையன்றி, கருவியின் ரேடியோப் பகுதியைத் தயாரிப்பின்போது அளந்து சரிசெய்த எண்களும், அக்கருவிக்கே உரிய மேக் முகவரியும் தனியே ஓரிடத்தில் உள்ளன. அவற்றைச் சாதாரணமாக எவரும் தொடுவதில்லை.

ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும்போது அந்தப் பெரிய பகுதி அழிக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படுகிறது. ரீசெட் பொத்தானை அழுத்தும்போது அமைப்பு விவரங்கள் அடங்கிய சிறு பகுதி துடைக்கப்படுகிறது. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்வதில்லை. பழைய காலத்துப் பண்டகசாலை ஒன்றை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். கணக்குப்பிள்ளை ஓய்வு பெற்றார். அவருடைய இடத்தில் கெட்டிக்காரரான புதிய கணக்குப்பிள்ளை வந்தமர்ந்தார். ஆனால் அலமாரியிலுள்ள பேரேடு பழையதே. அதில் பொய்க் கணக்கு எழுதப்பட்டிருந்தால், புதியவரும் அதனை மெய்யென்று நம்பியே தொடர்ந்து எழுதுவார். பேரேட்டை எரித்துவிட்டால் பொய்க் கணக்கு போகும். உண்மைக் கணக்கும் உடன்போகும்.

இவ்விடத்தில் பரவலான ஒரு தவறான எண்ணத்தையும் நீக்கிவிடலாம். ‘தொழிற்சாலை நிலை’ என்ற சொல்லைக் கேட்டு, ரீசெட் செய்தால் கருவி வாங்கிய நாளில் இருந்த பழைய ஃபர்ம்வேர் திரும்பிவந்துவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். பெரும்பான்மையான கருவிகளில் அவ்வாறு நிகழ்வதில்லை. புதிதாக ஏற்றிய ஃபர்ம்வேர் அப்படியே இருக்கும். அதனுடன் வந்த முதல்நிலை மதிப்புகள் மட்டுமே அமைப்பு விவரங்களாக நிரப்பப்படும்.

புதுப்பித்தலே போதுமான இடங்கள்

பெல்ஜிய நாட்டு லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்தி வான்ஹூஃப் என்னும் ஆராய்ச்சியாளர் 2017-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வைஃபையின் பாதுகாப்பு முறையிலிருந்த ஒரு குறையை வெளிப்படுத்தினார். கிராக் என்ற பெயரால் அது அறியப்பட்டது. இக்குறை பெரும்பாலும் கைப்பேசிகளையும் கணிப்பொறிகளையும் பற்றியதே. எனினும் சிலவகை ரவுட்டர்களும், பிறிதொரு ரவுட்டரின் அலையை வாங்கி நீட்டித்துத் தரும் கருவிகளும் பாதிக்கப்பட்டன. அதற்குப் பரிகாரமாக வந்த ஃபர்ம்வேரை ஏற்றிய பின்னர் ரீசெட் செய்யவேண்டிய தேவை எதுவுமில்லை. குறை நிரலில் இருந்தது. நிரல் மாறியதும் குறை நீங்கியது. உரிமையாளரின் பதிவுகளில் குற்றம் இல்லை. வைஃபைக் கடவுச்சொல்லை மாற்றுவதும் அக்குறைக்குப் பரிகாரமன்று.

ஆண்டுதோறும் வெளியாகும் ஃபர்ம்வேர்களுள் பெரும்பாலானவை இவ்வினத்தைச் சேர்ந்தவையே. ஒரே பதிப்பு வரிசையில் ஒரு சிறு படி முன்னேறும் புதுப்பித்தல், நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் கருவியில் செய்யப்பட்டு, அதன்பின்னும் கருவி நன்றாகவே இயங்குமாயின், அதனை அப்படியே விட்டுவிடுவதே விவேகம். புதுப்பித்தபின் முதல் சில நிமிடங்கள் இணைப்பு தடுமாறுவது இயல்பு. அதைக் கண்டு பதறி உடனே ரீசெட் பொத்தானைத் தேடுவதைவிட, ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திக் கொடுத்துச் சற்றுப் பொறுத்திருத்தல் மேல்.

நிரலிலுமன்றி, பதிவுகளிலுமன்றித் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே தங்கும் தீங்குகளும் உண்டு. 2016-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய மிராய் என்னும் தீங்கு நிரல் அத்தகையது. தயாரிப்பாளர்கள் இட்ட பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றில் 60-க்கும் மேற்பட்ட ஜோடிகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக முயன்று, திறந்த கருவிகளில் அது குடியேறியது. மின்சாரத்தை நிறுத்தினால் மிராய் அழிந்துவிடும். ஆனால் கடவுச்சொல் பழையதாகவே இருந்தமையால், கருவி மீண்டும் இணையத்தில் சேர்ந்தவுடன் அது திரும்பவும் வந்து புகுந்துகொள்ள முடிந்தது.

நோயின் பெயரைக் கேட்பதற்கு முன் அது எந்த உறுப்பைப் பற்றியது என்று கேட்கலாம். ரவுட்டர் விஷயத்திலும் அக்கேள்வியே முதற் கேள்வி. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிப்பட்ட வி.பி.என். ஃபில்டர் என்ற தீங்கு நிரலின் கதை இதற்குச் சான்று. சிஸ்கோ நிறுவனத்தின் டாலோஸ் என்னும் ஆராய்ச்சிக் குழுவினர், குறைந்தது 54 நாடுகளில் குறைந்தது 5,00,000 கருவிகள் அதற்கு இரையாகியிருந்ததாக மதிப்பிட்டனர். லிங்க்ஸிஸ், மைக்ரோடிக், நெட்கியர், டி.பி.-லிங்க் முதலிய பல தயாரிப்பாளர்களின் கருவிகள் அவற்றுள் அடங்கும். அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை, ரவுட்டரை ஒருமுறை நிறுத்தி இயக்குமாறு பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. இலட்சக்கணக்கானோர் எளிதில் செய்யக்கூடியது அதுவே. ஆனால் அது முழுப் பரிகாரமன்று. அத்தீங்கு நிரல் அடுக்கடுக்காக அமைந்தது. மேலடுக்குகள் தற்காலிக நினைவகத்தில் இருந்தன, அடி அடுக்கு மட்டும் அழியா நினைவகத்தில் வேரூன்றியிருந்தது. நிறுத்தி இயக்கியபோது மேலடுக்குகள் உதிர்ந்தன, வேர் நின்றது. அவ்வேரைக் களைய முதல்நிலை மீட்பும், அதே வழியாக மீண்டும் நுழையாதிருக்கப் புதிய ஃபர்ம்வேரும் தேவைப்பட்டன.

பேரேட்டின் படிவம் மாறும்பொழுது

தீங்கு எதுவும் நேராதபோதும் ரீசெட் தவிர்க்க முடியாததாகும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. புதிய நிரல் தன் பதிவுகளை வேறொரு முறையில் எழுதத் தொடங்கும்போது பழைய பதிவுகள் அதற்குப் புரியாமற் போகின்றன. நல்ல தயாரிப்பாளர்கள், பழைய படிவத்தைப் புதிய படிவமாக மாற்றிக்கொள்ளும் சிறு நிரலொன்றையும் புதுப்பித்தலுடன் சேர்த்தே அனுப்புவர். முந்திய பதிப்பிலிருந்து அடுத்த பதிப்பிற்குச் செல்வோரையே பெரும்பாலும் மனத்திற்கொண்டு அது சோதிக்கப்படுகிறது. நான்கைந்து ஆண்டுகள் கருவியைக் கவனியாதிருந்துவிட்டு ஒரேயடியாகக் கடைசிப் பதிப்பிற்குத் தாவுவோருடைய பதிவுகள் அம்மாற்றத்தில் அரைகுறையாக நின்றுவிடக்கூடும். அப்பொழுது வைஃபை அடிக்கடி அறுந்துபோதல், அமைப்புப் பக்கத்தில் மாற்றியது சேமிக்கப்படாமை, இதற்குமுன் இருந்த ஓர் அலைவரிசை காணாமற்போதல் போன்ற, காரணம் புலப்படாத கோளாறுகள் தோன்றுகின்றன.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, 2004-ஆம் ஆண்டு தொடங்கித் தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டுவரும் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்னும் திறந்தமூல ஃபர்ம்வேரில் உள்ளது. அதன் 21.02 என்னும் பதிப்பு 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது. கருவியின் பின்புறத்திலுள்ள கம்பி இணைப்புகளை நிரல் எவ்வாறு அடையாளம் காண்கிறது என்பதே அப்பதிப்பில் பல மாதிரிகளுக்கு மாற்றப்பட்டது. அதற்கு முன்னர் எல்லா இணைப்புகளும் ஒரே குழுவாகக் கருதப்பட்டு எண்களால் பிரிக்கப்பட்டன. புதிய முறையில் ஒவ்வோர் இணைப்பும் தனக்கெனத் தனிப்பெயர் பெற்றது. பழைய பதிவில் எழுதியிருந்த பெயர்கள் புதிய நிரலுக்கு இல்லாத பொருள்களாயின. பழைய விவரங்களுடன் வலிந்து புதுப்பித்தால், உரிமையாளர் தம் சொந்தக் கருவிக்குள்ளேயே நுழைய முடியாமற் போகும் அபாயம் இருந்தது. ஆகவே அவ்வகை மாதிரிகளில், விவரங்களைக் காப்பாற்றிக்கொண்டு புதுப்பிக்க முயன்றால் நிரலே மறுத்து, விவரங்களை விட்டுவிட்டு வருமாறு அறிவித்தது. இத்தகைய நேர்மையான எச்சரிக்கை எல்லாத் தயாரிப்பாளரிடமும் கிடைப்பதில்லை. ஆதலின் ஒவ்வொரு ஃபர்ம்வேருடனும் வெளியிடப்படும் வெளியீட்டுக் குறிப்பைப் படித்தல் அவசியம். ‘புதுப்பித்தபின் முதல்நிலைக்கு மீட்கவும்’ என்று அதில் ஒரு வரி இருந்தால், அதனைச் சம்பிரதாய வாசகமாகக் கொள்ளாது அப்படியே நிறைவேற்றுதல் வேண்டும்.

தயாரிப்பாளரின் ஃபர்ம்வேரை நீக்கிவிட்டு வேறொருவருடைய ஃபர்ம்வேரை ஏற்றும்போதும், புதிய பதிப்பிலிருந்து பழைய பதிப்பிற்குப் பின்வாங்கும்போதும் இதே நியாயம் இன்னும் வலுவாகப் பொருந்தும். முன்னே செல்வோர்க்குப் படிவத்தை மாற்றித்தர ஒரு நிரல் இருக்கலாம். பின்னே செல்வோர்க்கு அதுவும் இல்லை. பழைய நிரல் எழுதப்பட்ட காலத்தில் புதிய படிவம் பிறந்தே இருக்கவில்லை.

இன்னொரு சங்கதி பலராலும் கவனிக்கப்படுவதில்லை. தயாரிப்பாளர் புதிய ஃபர்ம்வேரில் முதல்நிலை மதிப்புகளைப் பாதுகாப்பானவையாக மாற்றினாலும், ஏற்கெனவே பதிவு உள்ள கருவியில் அம்மாற்றம் பெரும்பாலும் நிகழ்வதில்லை. எட்டு இலக்க எண்ணைக்கொண்டு வைஃபையில் சேரும் டபிள்யூ.பி.எஸ். முறையின் பலவீனம் 2011-ஆம் ஆண்டு இறுதியிலேயே வெளியாகிவிட்டது. புதிய பதிப்பில் அது முதலிலேயே அணைத்துவைக்கப்பட்டிருக்கலாம். ஆனால் ‘இயங்குக’ என்று பழைய பேரேட்டில் எழுதியிருந்தால், புதிய கணக்குப்பிள்ளையும் அதனை இயக்கியே வைப்பார். இதற்காக முழுப் பேரேட்டையும் எரிக்கவேண்டியதில்லை. அமைப்புப் பக்கத்தைத் திறந்து அந்த ஒரு வரியை மாற்றினாற் போதும். எனினும், பல ஆண்டுகளாகப் பலர் கைபட்டு, எதை யார் ஏன் மாற்றினார் என்றே தெரியாத நிலையிலுள்ள கருவிக்கு, ஒவ்வொரு வரியாகத் தேடுவதைவிட ரீசெட் செய்துவிடுவது எளிது.

முப்பது வினாடிச் சடங்கு

புதுப்பித்தபின் கட்டாயம் ரீசெட் செய்யவேண்டும் என்ற நம்பிக்கை வலுப்பெற்றதற்கு ஒரு வரலாறு உண்டு. டபிள்யூ.ஆர்.டி. 54ஜி போன்ற கருவிகளில் டிடி-டபிள்யூ.ஆர்.டி. என்னும் மாற்று ஃபர்ம்வேரை ஏற்றியோர் ‘30-30-30’ என்றொரு முறையைக் கையாண்டனர். மின்சாரம் உள்ள நிலையில் ரீசெட் பொத்தானை 30 வினாடி அழுத்தவேண்டும். விரலை எடுக்காமலே மின்கம்பியை உருவி மேலும் 30 வினாடி. மீண்டும் மின்சாரம் கொடுத்து, அப்பொழுதும் விரலை எடுக்காமல் 30 வினாடி. ஒரே விரலால் 90 வினாடி அழுத்தி முடிக்கையில் பழைய பதிவுகளில் ஒன்றும் எஞ்சியிராது என்பது கருத்து. 32 கிலோபைட் இடத்தில் பழைய ஃபர்ம்வேரின் வரிகளும் புதிய ஃபர்ம்வேரின் வரிகளும் கலந்து நெருக்கிக்கொண்டிருந்த அக்காலத்துக் கருவிகளுக்கு அதில் நியாயம் இருந்தது.

கருவிகள் மாறிய பின்னும் சடங்கு மட்டும் நிலைத்துவிட்டது. இக்காலத்துக் கருவிகள் பலவற்றில், பொத்தானை அழுத்தியபடியே மின்சாரம் கொடுத்தால் அது ரீசெட் என்று பொருள்படுவதில்லை. ‘ஃபர்ம்வேர் கெட்டுவிட்டது, மீட்பு நிலைக்குச் செல்க’ என்று தொடக்க நிரலுக்கு இட்ட கட்டளையாகிவிடுகிறது. விளக்கு மெதுவாக மினுக்க, கருவி புதிய ஃபர்ம்வேருக்காகக் காத்துக்கொண்டிருக்கும். உரிமையாளர் அது பழுதாகிவிட்டது என்று எண்ணிக் கடைக்கு எடுத்துச்செல்வார். டிடி-டபிள்யூ.ஆர்.டி. வழிகாட்டிகளே ஆர்ம் செயலியுடைய புதிய கருவிகளில் இம்முறையைக் கையாளலாகாது என்று எச்சரித்திருக்கின்றன. இன்றைய கருவிகளுக்கு, அவை இயங்கிக்கொண்டிருக்கும்போது பொத்தானைச் சுமார் 10 வினாடி அழுத்துவதோ, அமைப்புப் பக்கத்திலுள்ள மீட்புக் கட்டளையைத் தேர்ந்தெடுப்பதோ போதுமானது. சரியான கால அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

இந்திய இல்லத்தில் ரீசெட்டின் விலை

ரீசெட்டால் கேடொன்றுமில்லை என்று சொல்வோர், அதற்குப்பின் கருவியை மீண்டும் யார் அமைப்பது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. நம் நாட்டில் கண்ணாடியிழை வழியாக இணைய வசதி பெறும் இல்லங்களில், சுவரிலுள்ள பெட்டியை நிறுவியவர் சேவை நிறுவனத்தின் ஊழியர். இணைப்பிற்கு வேண்டிய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும், பல இடங்களில் வீலான் எண் என்ற ஓர் எண்ணையும் அவரே பதிந்துவிட்டுச் செல்கிறார். குடும்பத்தினருக்கு அவை தெரிவதில்லை. எழுதிக் கொடுக்கப்படுவதும் அரிது. பொத்தானை அழுத்திய மறுகணம் அவை மறைந்துவிடுகின்றன. சில நிறுவனங்களின் பெட்டிகள் தலைமை நிலையத்துடன் தொடர்புகொண்டு அவ்விவரங்களைத் தாமே திரும்பப் பெற்றுக்கொள்ளும். பல பெட்டிகள் அவ்வாறு செய்வதில்லை. சனிக்கிழமை மாலையில் அழுத்திய பொத்தானுக்காகத் திங்கட்கிழமை வரை ஊழியரை எதிர்பார்த்திருக்க நேரும். மருந்துக் கடையிலோ, சிறு மருத்துவ நிலையத்திலோ, வீட்டிலிருந்தே பணிபுரிவோர் இல்லத்திலோ இது சிறு தொல்லையன்று. கண்காணிப்புக் காமிராக்களும் இணைப்பிழந்து, எவரும் கவனியாமலே பதிவை நிறுத்திவிடக்கூடும்.

இத்தகைய பெட்டிகளுக்குப் புதிய ஃபர்ம்வேரையும் சேவை நிறுவனமே பெரும்பாலும் இரவு நேரத்தில் தொலைவிலிருந்து ஏற்றிவிடுகிறது. ஆகவே அவற்றில் ரீசெட் செய்வதற்கு முன் நிறுவனத்தைக் கேட்டுக்கொள்வதே முறை. சந்தாதாரர் தாமே வாங்கி அதன்பின் இணைத்த இரண்டாவது ரவுட்டர் இருந்தால், அதன்மீது அவருக்கு முழு உரிமை உண்டு. இரண்டில் எதை அழுத்துகிறோம் என்பதைப் பார்த்து அழுத்தவேண்டும் என்று சொல்வது மிகையாகத் தோன்றலாம். ஆனால் பழுது பார்க்க வருவோரைக் கேட்டால் அது மிகையன்று என்பது தெரியும்.

விலை இன்னொன்றும் உண்டு. ரீசெட் செய்த கருவி, தயாரிப்பாளர் இட்ட கடவுச்சொல்லுக்கே திரும்புகிறது. அண்மைக் காலத்து மாதிரிகள் முதன்முறை நுழைகையில் புதிய சொல்லைக் கட்டாயமாகக் கேட்கின்றன, பழையவை கேட்பதில்லை. 2017-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பாரத் சஞ்சார் நிகாம் நிறுவனத்தின் பிராட்பேண்ட் சந்தாதாரர்களுள் பலருடைய மோடங்கள் தீங்கு நிரலொன்றால் செயலிழந்தன. தயாரிப்பின்போது இடப்பட்ட கடவுச்சொல் மாற்றப்படாமலிருந்த கருவிகளே அதற்கு இலக்காயின. அச்சொல்லை உடனே மாற்றிக்கொள்ளுமாறு நிறுவனம் சந்தாதாரர்களை அறிவுறுத்தியது. தூய்மை செய்வதற்காக ரீசெட் செய்துவிட்டுக் கடவுச்சொல்லை அப்படியே விட்டுவிட்டால், கதவைக் கழுவித் திறந்துவைத்தது போலாகும்.

செய்யும் முறை

ஐயத்திற்கு இடமான கருவியைத் தூய்மைசெய்வதில் வரிசை முக்கியம். முதலில், கருவியின் அடிப்புறத்து ஒட்டுத்தாளில் அச்சிடப்பட்டுள்ள மாதிரி எண்ணையும் வன்பொருள் பதிப்பெண்ணையும் பார்த்து, அதற்குரிய ஃபர்ம்வேரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே கணிப்பொறிக்குள் இறக்கிக்கொள்ளவேண்டும். பெயர் ஒன்றாயிருப்பினும் வன்பொருள் பதிப்பு வேறாயின் ஃபர்ம்வேரும் வேறு. அடுத்து, அமைப்புப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அங்குள்ளவற்றைத் தாளில் குறித்துக்கொள்ளலாம் அல்லது கைப்பேசியால் படமெடுக்கலாம். இணையச் சேவையின் பயனர் பெயரும் வீலான் எண்ணும் இவற்றுள் முதன்மையானவை. கடவுச்சொல் பெரும்பாலும் புள்ளிகளாகவே தெரியும். அதனைச் சேவை நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுப் பெற்றுக்கொள்ளவேண்டும்.

பின்னர் வெளியிலிருந்து வரும் இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு, கணிப்பொறியை ரவுட்டருடன் கம்பி மூலம் இணைத்து, ஃபர்ம்வேரை ஏற்றவேண்டும். அழித்து எழுதும் அச்சில நிமிடங்களில் மின்சாரம் நின்றால் நிரல் பாதியில் நிற்கும். மின்வெட்டு நேரும் ஊர்களில் இன்வெர்ட்டர் அல்லது யு.பி.எஸ். துணையின்றி இதனைச் செய்யலாகாது. கருவி மீண்டும் எழுந்தபின் முதல்நிலைக்கு மீட்டு, உடனே நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, வெளியிலிருந்து கருவியை நிர்வகிக்கும் வசதி அணைந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு, அதன்பின்னரே வெளிக் கம்பியைச் செருகவேண்டும். ரீசெட்டை முதலில் செய்துவிட்டு, இணையத்தில் இணைந்த நிலையில் ஃபர்ம்வேரைத் தேடிக்கொண்டிருந்தால், ஓட்டையுள்ள பழைய நிரலும் ஊரறிந்த கடவுச்சொல்லுமாகக் கருவி அவ்வளவு நேரமும் வெளியே நிற்கும்.

குறித்துவைத்த விவரங்களைக் கையாலேயே மீண்டும் பதியவேண்டும். பெரும்பாலான ரவுட்டர்கள் எல்லா அமைப்புகளையும் ஒரு கோப்பாகச் சேமித்து, பின்னர் அதிலிருந்தே மீட்டுத்தரும் வசதியை அளிக்கின்றன. ஒரே பதிப்பிற்குள், நம்பிக்கைக்குரிய கருவியில், அது நல்ல வசதியே. ஆனால் எந்தப் பதிவுகளை ஐயுற்று அழித்தோமோ, அவற்றின் பிரதியையே மீண்டும் ஏற்றுவது செய்த வேலையை வீணாக்குவதாகும். 2025-இல் வெளிப்பட்ட ஊடுருவலில் சாவி இருந்த இடம் அமைப்பு விவரங்களே. அத்தகைய கருவியிலிருந்து எடுத்த காப்புப் பிரதியில் அச்சாவியும் அடங்கியிருக்கும். வைஃபையின் பெயரையும் அதன் கடவுச்சொல்லையும் மட்டும் பழையபடியே இட்டால், வீட்டிலுள்ள கைப்பேசிகளும் தொலைக்காட்சியும் தாமே வந்து சேர்ந்துகொள்ளும். ஊடுருவல் உறுதியாயின் அக்கடவுச்சொல்லையும் மாற்றிவிடுவதே நன்று.

ஊடுருவல் நேர்ந்திருப்பதை இல்லத்தார் தாமாக அறிவது கடினம். மேற்கூறிய ஆசஸ் கருவிகளில் ஊடுருவியோர் நிகழ்ச்சிப் பதிவேட்டையும் நிறுத்திவைத்திருந்தனர். இந்தியக் கணிப்பொறி அவசரகால நடவடிக்கைக் குழுவான சி.இ.ஆர்.டி.-இன் அமைப்பு, 2017-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கப்பட்ட சைபர் ஸ்வச்தா கேந்திரத்தின் வாயிலாக, தீங்கு நிரல் தொற்றிய இணைப்புகளைக் கண்டறிந்து சேவை நிறுவனங்களின் மூலம் சந்தாதாரர்க்குத் தெரிவித்துவருகிறது. அத்தகைய அறிவிப்பு வந்தால், புதுப்பித்தலும் மீட்பும் இரண்டும் செய்யவேண்டியவை. பிறர் பயன்படுத்திய ரவுட்டரை விலைக்கு வாங்கியோரும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

இரண்டும் உதவாத நிலையும் உண்டு. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 25 முதல் 27 வரையிலான மூன்று நாட்களில், அமெரிக்காவில் ஒரே சேவை நிறுவனத்தைச் சார்ந்த 6,00,000-க்கும் மேற்பட்ட ரவுட்டர்கள் தாக்குதலொன்றால் நிரந்தரமாகச் செயலிழந்தன. அழிக்கப்பட்டது பதிவன்று, நிரல். ரீசெட் பொத்தானை உணர்ந்து செயற்படுவதும் நிரலேயாதலால், பொத்தானை அழுத்துவதற்கு உள்ளே கேட்பவர் எவரும் இல்லை. அப்பெட்டிகள் மாற்றப்படவேண்டியவையாயின.

தயாரிப்பாளர் கைவிட்டுவிட்ட பழைய மாதிரிகளும் ஏறக்குறைய அந்நிலையிலேயே உள்ளன. அவற்றை முதல்நிலைக்கு மீட்டால் புகுந்திருந்த நிரல் நீங்கும். புகுந்த ஓட்டை நீங்காது, அதனை அடைக்கும் ஃபர்ம்வேர் இனி வரப்போவதுமில்லை. திறந்தமூல ஃபர்ம்வேர் கிடைக்கும் மாதிரியாயின் சில காலம் ஓட்டலாம். இல்லையேல் வேறு கருவி வாங்கவேண்டியதுதான். பழையதைக் கடைக்காரரிடமோ பழம்பொருள் வாங்குவோரிடமோ கொடுப்பதற்கு முன் அதனைக் கடைசியாக ஒருமுறை ரீசெட் செய்யவேண்டும். வைஃபையின் கடவுச்சொல்லும் இணைய இணைப்பின் கடவுச்சொல்லும், மின்சாரம் இல்லாமலே பல ஆண்டுகள் அழியாது நிற்கும் அந்தச் சிறு பகுதியில் இன்னும் எழுதப்பட்டேயிருக்கின்றன.